மரம் காய்கிறதா? மருந்து வாங்கும் முன் அடிமரத்தைப் பாருங்கள்

காலையிலேயே போன் வரும். "தம்பி, மரம் காயுது. என்ன மருந்து அடிக்கலாம்?" எந்த மரம், நுனியிலிருந்து காய்கிறதா, மொத்தமாகக் காய்கிறதா, அடியில் துளை இருக்கிறதா, தூள் கொட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். பாதிக் கேள்விகளுக்குப் பதில் வராது. அவர்கள் பார்த்தது இலையை மட்டும்தான்.

பண்ருட்டிப் பக்கம் செம்மண் மேட்டில் மர நாற்றங்கால் வைத்திருக்கிறேன். நாற்று வாங்கிப் போனவர்களின் தோப்பை அப்புறம் போய்ப் பார்ப்பது என் வழக்கம். அப்படிக் காடாம்புலியூர் முந்திரியிலிருந்து பாகூர் தேக்கு வரை சுற்றியதில் ஒன்று மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. மரத்துக்குள் இருக்கும் பூச்சி நம் கண்ணில் படாது. அது வெளியே தள்ளுவது படும். தூள், பிசின், நாடா, கரும்பொடி, மண் பூச்சு என ஒவ்வொரு பூச்சிக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது. வெளியே வந்திருப்பதை வைத்து உள்ளே இருப்பது எது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சில நேரம் உள்ளே பூச்சியே இல்லை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

தோப்புக்குள் போகும்போது ஒரு கத்தி, பழைய சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்று, டார்ச், மூடியுள்ள இரண்டு சின்ன பாட்டில், இவை கையில் இருக்கட்டும். போனில் கேமரா எப்படியும் இருக்கும். முதலில் தூரைப் பாருங்கள், பிறகு தண்டு, கவட்டை, கடைசியில் இலை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முந்திரி: இலை மஞ்சளாகிறது, தூரில் பிசினும் தூளும்

நம் மாவட்டத்தில் அதிக மரத்தைக் கொன்றது இதுதான் என்று நான் நினைக்கிறேன். தண்டு மற்றும் வேர் துளைப்பான். செம்பழுப்பு நிறத்தில், நீண்ட உணர்கொம்புகளோடு இருக்கும் ஒரு வண்டின் புழு இது. தாய் வண்டு தரையை ஒட்டிய பட்டை வெடிப்புகளிலும், மண்ணுக்கு மேல் தெரியும் வேரிலும் அரிசி மணி போன்ற முட்டைகளை இடும். பொரித்த புழு பட்டைக்கு அடியில் நுழைந்து சாறு ஓடும் திசுவைத் தின்றுகொண்டே சுற்றி வரும். மேலே இலைக்குச் சத்து போகிற வழி கொஞ்சம் கொஞ்சமாக அறுபடும்.

முதல் அறிகுறி இலையில் வராது. தூரில்தான் வரும். மண் மட்டத்துக்கு அருகே ஊசி நுழைகிற அளவில் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். அங்கே பழுப்புப் பிசின் வழிந்து உறைந்திருக்கும். அதோடு நார் நாராக மரத்தூளும் எச்சமும் கலந்து பிதுங்கி நிற்கும். புதுத் தூள் ஈரமாக, வெளுத்த நிறத்தில் இருக்கும். பழையது காய்ந்து கறுத்திருக்கும். இந்த வித்தியாசம் முக்கியம். ஈரத் தூள் என்றால் புழு இப்போதும் உள்ளே தின்கிறது. காய்ந்த தூள் மட்டும் இருந்தால் ஒருவேளை அது வெளியேறிவிட்டது.

மேலே இலை மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கிவிட்டால் நீங்கள் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆரம்ப நிலை என்றால் கத்தியால், சின்ன உளியால் பட்டையைச் சீவிச் சீவி புழு போன வழியைப் பின்தொடருங்கள். வழி வளைந்து வளைந்து போகும், பொறுமை வேண்டும். முழுதாக வளர்ந்த புழு ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும். வெண்மையான உடல், கறுத்த தாடை. எடுத்து நசுக்கிவிட்டு, சீவிய இடத்தைச் சுத்தம் செய்து, 1 லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து பூசுங்கள். தார் ஒரு பங்கு, மண்ணெண்ணெய் இரண்டு பங்கு கலந்து தரையிலிருந்து 3 அடி உயரம் வரை தூரிலும் வெளித் தெரியும் வேரிலும் பூசுவதும் பழைய, பலன் தரும் முறை. அந்தப் பூச்சு உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. புதிதாக முட்டை இடவிடாமல் தடுக்கும். எனவே நல்ல மரங்களுக்குத்தான் முதலில் பூச வேண்டும். நோயுற்ற ஒரு மரத்துக்கு மட்டும் பூசிவிட்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் பத்து மரங்களையும் விட்டுவிடுகிறார்கள்.

தண்டின் சுற்றளவில் பாதிக்கு மேல் பட்டை போயிருந்தால், அல்லது மேல்விதானம் முழுக்க மஞ்சளாகியிருந்தால், அந்த மரம் மீளாது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு வேரோடு பெயர்த்து எடுத்துவிடுங்கள். "காய்ந்த மரம்தானே, அடுப்புக்கு ஆகும், நிற்கட்டும்" என்று விட்டால் அதன் உள்ளேயே வண்டு வளர்ந்து வெளியே வரும். பெயர்த்த மரத்தின் வேரைப் பிளந்து பார்த்தால் உள்ளே சுண்ணாம்பில் செய்த சிமிழ் போல, வெள்ளையாக, கெட்டியாக ஒரு கூடு இருக்கும். புழு தானே சுரந்து கட்டிய கூடு அது. அதற்குள்தான் கூட்டுப்புழு வண்டாக மாறுகிறது. முதல் முறை அதைக் கையில் எடுத்தபோது ஏதோ நத்தை ஓடு என்றே நினைத்தேன். நகத்தால் பெயர்க்க முடியவில்லை. எந்தத் தெளிப்பு மருந்தும் அந்த ஓட்டைத் தாண்டிப் போகாது. மரத்தைத் தோப்பிலிருந்து வெளியேற்றச் சொல்வது இதனால்தான்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் தோப்பில் விழாமல் சாய்ந்து நின்ற முந்திரிகளை நிமிர்த்தி, மண் அணைத்துக் காப்பாற்றிவிட்டோம் என்று அப்பா சந்தோஷப்பட்டார். வேர் பாதி வெளியே, பட்டை கிழிந்து நின்ற மரங்கள் அவை. அடுத்த இரண்டு வருஷத்தில் ஒன்று மாற்றி ஒன்றாக மஞ்சளாகத் தொடங்கின. கடையில் கேட்டபோது இலைக்கு அடிக்கும் மருந்து கொடுத்தார்கள். மூன்று முறை அடித்தோம். புழு இருந்தது தூரில், மருந்து விழுந்தது இலையில். அந்தத் தோப்பில் ஏழு மரம் மிஞ்சியது. புயலுக்குப் பிறகு நிற்கும் மரத்தின் தூரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது குனிந்து பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம். நான் இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பழைய கையேடுகளில் இதற்கு கார்பரில் என்று எழுதியிருக்கும். அது 2018-ல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டுவிட்டது. வீட்டில் மிச்சம் இருந்தாலும் பயன்படுத்தாதீர்கள்.

சவுக்கு: பட்டை மேல் அழுக்குத் துணி ஒட்டியது போல நாடா

தண்டிலோ கவட்டையிலோ பழுப்பு நிறத்தில், விரல் அகலத்தில், வளைந்து வளைந்து ஒரு நாடா ஓடும். தொட்டால் மெத்தென்று இருக்கும். பிய்த்துப் பார்த்தால் பட்டைத் துணுக்கும் எச்சமும் பட்டுநூலால் பின்னப்பட்டிருக்கும். இது பட்டை தின்னும் புழு. பகலில் கவட்டைக்கு அருகே தான் குடைந்த குட்டைத் துளைக்குள் ஒளிந்திருக்கும். இரவில் இந்த நாடாவின் அடியிலேயே ஊர்ந்து வந்து பட்டையைச் சுரண்டித் தின்னும். நாடாதான் அதற்குக் கூரை.

இது பெரும்பாலும் மரத்தைக் கொல்லாது. வளர்ச்சியைக் குறைக்கும், துளை விழுந்த இடத்தில் பெருங்காற்றில் கிளை ஒடியும். வைத்தியமும் எளிது. தேங்காய் நார்த் துடைப்பத்தால் நாடாவைத் துடைத்து எடுங்கள். நாடா முடிகிற இடத்தில் துளை தெரியும். சைக்கிள் கம்பியை உள்ளே விட்டுக் குத்துங்கள். கம்பி நுனியில் ஈரம் ஒட்டி வந்தால் புழு செத்தது. அதன் பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை உள்ளே செருகிக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்க்கும்போது புது நாடா இல்லை என்றால் வேலை முடிந்தது. முருங்கை, கொய்யா, மா, நெல்லி எதில் இதே நாடாவைப் பார்த்தாலும் இதே வைத்தியம்தான். வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான் என்பதால், ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் அந்த வருஷம் நிம்மதி.

சவுக்கு: தூரில் குவியலாகத் தூள், காற்றடித்தால் மரம் முறிகிறது

நாடா இல்லை, தரையை ஒட்டி ஒரு துளை, கீழே கரகரப்பான தூள் சின்னக் குவியலாகக் கிடக்கிறது என்றால் வேறு ஆள். இதுவும் நீள் கொம்பு வண்டின் புழுதான், ஆனால் தண்டின் நடுவே குடைந்து வேருக்குள் இறங்கும். இளம் மரங்களையே பிடிக்கும். கருவேலத்திலும் தைல மரத்திலும் (யூகலிப்டஸ்) கூட இதே வண்டைப் பார்க்கலாம். வண்டு பகலில் பச்சைக் கொம்புகளின் பட்டையைக் கடித்துக்கொண்டிருக்கும். மழை தொடங்கிய நாட்களில் தோப்பில் நடந்தால் கையாலேயே பிடித்துவிடலாம். நூறு மரத்தில் இரண்டு மூன்றுதான் என்றால் அவற்றை வெட்டி வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள். மூன்று நான்கு வருஷத்தில் வெட்டுகிற பயிருக்கு அதற்கு மேல் செலவு செய்வது வீண்.

சவுக்கு: நின்ற நிலையில் காய்கிறது, துளையும் இல்லை தூளும் இல்லை

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். சாமியார்பேட்டைப் பக்கம் ஒரு தோப்பு. கடற்கரை மணல், மூன்று வயது மரங்கள். நடுவில் பத்துப் பன்னிரண்டு மரம் மஞ்சளாகி, தலை தொங்கி நின்றது. தோப்புக்காரர் பூச்சி என்று முடிவு செய்து இரண்டு முறை மருந்து அடித்துவிட்டார். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். துளை இல்லை. ஆனால் பட்டை அங்கங்கே தீக்காயத்துக் கொப்புளம் மாதிரி உப்பியிருந்தது. கத்தி முனையால் ஒரு கொப்புளத்தைக் கீறினேன். உள்ளிருந்து கறுப்பாகப் பொடி உதிர்ந்தது. விரலில் கண்மை போல ஒட்டியது. தண்ணீர் ஊற்றித் தேய்த்த பிறகும் ரேகை இடுக்கில் நின்றது.

அது பூஞ்சை. கொப்புளப் பட்டை நோய். அந்தக் கரும்பொடி முழுக்க அதன் வித்துகள். எந்தப் பூச்சி மருந்தும் அதை ஒன்றும் செய்யாது. காயம் பட்ட மரத்திலும், தண்ணீர் தேங்கியோ வறட்சியிலோ வாடிய மரத்திலும் சீக்கிரம் ஏறும். ஆகவே கொப்புளத்தைக் கண்டால் சுற்றிலும் மற்றக் கொப்புளங்களைக் கீறிக்கொண்டே போகாதீர்கள். பொடி பறக்கும். ஒன்றைப் பார்த்தால் போதும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, நோயுற்ற மரங்களை வேரோடு எடுத்து அங்கேயே எரியுங்கள். வெட்டிய அரிவாளை அடுத்த மரத்தில் வைக்கும் முன் தீயில் வாட்டுங்கள். பக்கக் கிளை கழிக்கும்போது தண்டின் பட்டை உரியாமல் கழிக்கச் சொல்லுங்கள். கூலிக்கு வருகிறவர்கள் அவசரத்தில் ஒரே வெட்டில் இழுத்துவிடுவார்கள், பட்டை ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து வரும். நோய் நுழைவதற்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது.

சவுக்கு வேரில் கொத்துக் கொத்தாகக் கட்டி

நாற்றைப் பிடுங்கும்போது வேரில் பவளம் போல, பழுப்பாக, சின்னக் கொத்துகள் இருக்கும். "வேர்முடிச்சு நோய் வந்துவிட்டது" என்று ஒருவர் முந்நூறு நாற்றுகளை என் நாற்றங்காலுக்கே திருப்பிக் கொண்டுவந்தார். அது நோய் இல்லை. ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் சவுக்கு வேரில் கட்டும் வீடு அது. காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறது. வெறும் மணலில் சவுக்கு வளர்கிறதென்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டி இருக்கிற நாற்றையே தேடி வாங்குங்கள்.

முந்திரி, வேம்பு: தளிர் தீயில் வாட்டியது போலக் கருகுகிறது

மார்கழி, தையில் முந்திரி பூக்கும் காலத்தில் தோப்பின் ஓரத்திலிருந்து பார்த்தால் நுனியெல்லாம் பொசுங்கியது போல் இருக்கும். ஊரில் சிலர் பனி கருக்கிவிட்டது என்பார்கள். பனி இல்லை. பக்கத்தில் போய் ஒரு தளிரைக் கையில் பிடியுங்கள். பூங்காம்பிலும் இளந்தண்டிலும் நீளவாக்கில் பழுப்பு, கறுப்புத் தழும்புகள் இருக்கும். சிலவற்றில் சின்னத் துளியாகப் பிசின் நிற்கும். இது தேயிலைக் கொசு. பெயர்தான் கொசு, உண்மையில் சாறு உறிஞ்சும் நாவாய்ப் பூச்சி. வாயைச் செருகிச் சாறு உறிஞ்சும்போது விடும் எச்சில் நஞ்சாகி அந்த இடம் செத்துப்போகிறது. தழும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் தளிர் முழுக்கக் காயும்.

வெயில் ஏறிய பிறகு தேடினால் ஒன்றும் கிடைக்காது. விடிந்ததும் போங்கள், அல்லது பொழுது சாயும்போது. இலையின் அடியில், நீண்ட காலும் அதைவிட நீண்ட உணர்கொம்புமாக, செம்பழுப்பில் ஒரு மெல்லிய பூச்சி. அதன் முதுகைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். குண்டூசி ஒன்றைத் தலைகீழாகக் குத்தி வைத்தது போல, நுனியில் உருண்டையோடு ஒரு சின்ன முள் எழும்பி நிற்கும். அந்தக் குண்டூசி இருந்தால் சந்தேகமே வேண்டாம். அதன் முட்டையையும் பார்க்கலாம். முட்டை தளிருக்குள் புதைந்திருக்கும். வெளியே இரண்டு மெல்லிய முடி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். கண் பழகக் கொஞ்ச நாள் ஆகும், பழகிவிட்டால் விடாது.

துளிர் விடும்போது, பூக்கும்போது, பிஞ்சு பிடிக்கும்போது என மூன்று கட்டத்திலும் கண்காணிக்க வேண்டும். தோப்பில் அங்கங்கே ஐந்தாறு மரத்தைக் குறித்துக்கொண்டு அவற்றின் தளிர்களை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். மருந்து அவசியம் என்றால் எது, எவ்வளவு என்பதை விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முந்திரியில் பல பத்தாண்டுகளாக வேலை செய்யும் இடம் அது. வி.ஆர்.ஐ.-3 ரகம் அங்கிருந்து வந்ததுதான். பூத்திருக்கும்போது காலையில் தெளிக்காதீர்கள், தேனீயும் ஈயும் வரும் நேரம். அவை வராவிட்டால் கொட்டை ஏது?

முசுறு எறும்பைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் அந்தச் சிவப்பு எறும்பு இருக்கும் மரத்தில் தேயிலைக் கொசு குறைவாகவே இருக்கும். கொட்டை பொறுக்கும்போது கடிக்கிறது என்று கூட்டைக் கொளுத்திவிடுகிறார்கள். கடிக்கும்தான். ஆனால் அது செய்யும் காவலுக்கு நாம் கூலி கொடுப்பதில்லை. பொறுக்கும் வேலைக்கு முன் கையில் சாம்பல் பூசிக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம். கூட்டை விட்டுவையுங்கள்.

அதே பூச்சி வேம்பிலும் கொய்யாவிலும் இருக்கும். சில ஆண்டுகளாக மழைக்காலம் முடியும்போது வேப்ப மரங்கள் நுனியிலிருந்து பழுப்பாகிக் கருகுவதை எல்லோரும் பார்க்கிறோம். அம்மன் கோயில் வேம்பு கருகினால் ஊரே கலங்கிப் போகிறது. ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா கோவிச்சுக்கிட்டாளா, சாமி?" என்று கேட்டார். இல்லை ஆயா, ஒரு பூச்சியும் ஒரு பூஞ்சையும் சேர்ந்து செய்கிற வேலை, பங்குனியில் துளிர்க்கும் என்றேன். துளிர்த்தது. பூச்சி போட்ட தழும்பு வழியாகவும், அது இல்லாமலும் நுனிக்கருகல் பூஞ்சை ஏறுகிறது. தளிரில் தனித்தனித் தழும்பு இருந்தால் பூச்சி. தழும்பு இல்லாமல் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கிளை காய்ந்துகொண்டே வந்தால் பூஞ்சை. நாற்பது அடி மரத்துக்கு மருந்து அடிப்பது முடியாத காரியம், தேவையும் இல்லை. எட்டும் கிளைகளில் காய்ந்த நுனியை, பச்சை தெரியும் இடம் வரை வெட்டி எரித்துவிட்டுக் காத்திருங்கள். நாற்றங்காலில் இருக்கும் கன்றுகளுக்கு வந்தால்தான் கவலைப்பட வேண்டும். அவற்றைத் தனியே பிரித்து வையுங்கள்.

தேக்கு: நேற்று பச்சை, இன்று நரம்பு

இரண்டு புழுக்கள் இருக்கின்றன, குழப்பிக்கொள்ள வேண்டாம். இலையில் பெரிய நரம்பு மட்டும் மிச்சம், மற்றதெல்லாம் காலி என்றால் தேக்கு இலைதின்னிப் புழு. மழை பெய்து புதுத் துளிர் வந்த கொஞ்ச நாளில் திடீரென்று கூட்டமாக வரும். இலை ஓரத்தை மடித்து அதற்குள் ஒளிந்திருக்கும். மரத்தடியில் நின்றால் எச்சம் தூறல் போல விழும் சத்தம் கேட்கும். நூலில் தொங்கிக்கொண்டு புழுக்கள் இறங்கும். இலையின் பசுமை மட்டும் சுரண்டப்பட்டு, மெல்லிய நரம்பு வலை அப்படியே சல்லடையாக நின்றால் இலை சுரண்டும் புழு. இது பெரும்பாலும் பிந்தி, முற்றிய இலையில் வரும்.

இரண்டுமே தேக்கைக் கொல்லாது. மரம் மறுபடி துளிர்க்கும். ஆனால் நட்டமில்லை என்று சொல்ல முடியாது. கேரளத்தில் நிலம்பூர் தேக்குத் தோட்டத்தில் செய்த ஆய்வில், இலைதின்னிப் புழுவால் மரத்தின் கன அளவு வளர்ச்சியில் 44 சதவீதம் வரை இழப்பு என்று கணக்கிட்டார்கள். அப்படியானால் மருந்து அடிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வரப்பில் நட்ட ஐம்பது மரத்துக்கு வேண்டாம் என்பதே என் பதில். புழுக்கூட்டம் மூன்று நான்கு வாரத்தில் தானே முடிந்துவிடும். அந்த விருந்துக்கு மைனா, கரிச்சான், காக்கை எல்லாம் வந்து சேரும். மருந்து அடித்தால் அந்தப் பறவைகளுக்குத்தான் கேடு. முதல் இரண்டு வருஷக் கன்றாக இருந்தால் மட்டும் மடிந்த இலைகளைக் கையால் நசுக்கிவிடுங்கள்.

இதே இலைதின்னி, உப்பங்கழிச் சதுப்பில் வளரும் வெண்கண்டல் மரத்தையும் தின்னும். பிச்சாவரத்தில் படகில் போகும்போது ஒரு பக்கம் மட்டும் கண்டல் மரங்கள் மொட்டையாக, பழுப்பாக நிற்பதைப் பார்த்தால் மாசு, உப்பு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். கிளையைக் கொஞ்சம் இழுத்து இலையைப் பாருங்கள். கடித்த தடம் இருந்தால் புழு. சில வாரத்தில் பச்சை திரும்பும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பக்கத்திலேயே தில்லை மரம் நிற்கும், சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எந்தக் கிளையை இழுக்கிறோம் என்று தெரிந்து இழுங்கள்.

இலையில் கட்டி, கொப்புளம்

புங்கனில் இலை மேல் பச்சையாக, விரல் விரலாக, மருக்கள் முளைத்திருந்தால் அது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன். எட்டுக் கால் இனத்தில் பிறந்து நான்கே கால் உள்ளது. மரத்துக்குக் கேடு இல்லை, விட்டுவிடுங்கள்.

தைலத்தில் நடுநரம்பும் காம்பும் உருண்டு திரண்டு, முதலில் பச்சையாக, பிறகு இளஞ்சிவப்பாக வீங்கினால் அது கொப்புளக் குளவி. ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் நீளம். ஆஸ்திரேலியாவிலிருந்து உலகம் முழுக்கப் பரவி, 2000-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. புழு கட்டிக்குள் பத்திரமாக இருப்பதால் தெளிப்பு மருந்து பலிக்காது. அதைத் தின்னும் இன்னொரு சிறு குளவிதான் இப்போது பெருமளவு காப்பாற்றுகிறது. கட்டி நிறைந்த கன்றை மட்டும் வாங்காதீர்கள். வீட்டு வேலியில் இருக்கும் கல்யாண முருங்கையின் இலையும் காம்பும் சுருண்டு வீங்கினால் அதற்குக் காரணம் அதே குடும்பத்துக் குளவி. வீங்கிய கொம்புகளை வெட்டி எரியுங்கள், ஓட்டைகள் விழும் முன்பே. ஓட்டை விழுந்துவிட்டது என்றால் குளவி ஏற்கெனவே பறந்துவிட்டது.

மரத்தில் மண் பூச்சு

கறையான். பெரிய மரத்தின் பட்டை மேல் மண் பூசியிருந்தால் பதற வேண்டாம். கையால் தட்டி உதிர்த்துவிட்டு அடியில் பாருங்கள். பட்டையின் வெளிப்புறச் செத்த செதில்களைத்தான் தின்றிருக்கும், உள்ளே ஈரப் பச்சை அப்படியே இருக்கும். கன்று விஷயம் வேறு. நட்ட தைலக் கன்று ஒரே வாரத்தில் வாடி, மெல்ல இழுத்தால் கையோடு வந்தால், கழுத்துப் பகுதியைப் பாருங்கள். பட்டை சுற்றிலும் கடித்து எடுக்கப்பட்டிருக்கும். குழிக்கு வேப்பம் புண்ணாக்கு போட்டு நடுவதும், குழியைச் சுற்றிப் பழைய வேர், விறகுத் துண்டு இல்லாமல் சுத்தம் செய்வதும் உதவும். கன்று வாடி, வேர் அறுந்து, மண்ணில் அரைவட்டமாக வளைந்த வெள்ளைப் புழு இருந்தால் அது கறையான் இல்லை, வேர்ப்புழு. நிலக்கடலை போட்ட மண்ணில் அடிக்கடி வரும்.

வெட்டிய மரத்தில், வீட்டு உத்தரத்தில் தூள்

புதுச்சேரியில் பழைய வீட்டுக்காரர்கள் கேட்பது இதுதான். தூளை ஒரு வெள்ளைத் தாளில் தட்டி, விரலால் தேய்த்துப் பாருங்கள். கோதுமை மாவு போல நைசாக இருந்தால் உளுப்பு வண்டு. மூங்கில், சவுக்குக் கழி, வெளிறு (வயிரம் ஏறாத வெளிப்பகுதி) உள்ள மரம் எல்லாவற்றிலும் வரும். மரத்தில் உள்ள மாவுச்சத்துதான் அதற்குச் சோறு. மூங்கிலை வெட்டியதும் மூன்று வாரம் தண்ணீரில் ஊறப் போடும் நம் பழைய வழக்கம் அந்த மாவுச்சத்தைக் குறைக்கத்தான். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் இன்னும் நல்லது.

மாவாக இல்லாமல் கசகசா போல மணி மணியாக உருண்டால், ஒரு மணியை டார்ச் வெளிச்சத்தில் கேமராவால் பாருங்கள். ஆறு பக்கமும் பட்டை தீட்டியது போல இருக்கும். அது உலர்மரக் கறையானின் எச்சம். இதற்கு மண்ணும் வேண்டாம், ஈரமும் வேண்டாம், மண் பாதையும் கட்டாது. அதனால் தரையில் மருந்து ஊற்றிப் பயனில்லை. மணி கொட்டும் உத்தரத்தை விரல் மடக்கித் தட்டிக்கொண்டே போங்கள். ஓசை மாறி வெறுமையாகக் கேட்கும் இடம் வரைதான் சேதம். அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் பல வீடுகளில் போதும்.

எதிலும் சேரவில்லை என்றால்

மாதிரி எடுத்துக்கொண்டு போங்கள். விருத்தாசலம் நிலையத்தைத் தவிர, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலமும், புதுச்சேரி குரும்பாப்பட்டில் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையமும் பக்கம். சவுக்கு, தைலம், தேக்கு என்றால் கோவையில் இருக்கும் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்திலும் கேட்கலாம்.

"ஏதோ வெள்ளைப் புழு" என்று வாயால் சொல்லி யாராலும் அடையாளம் காண முடியாது. புழுவைப் பிடித்துக் கொதிக்கும் அளவு சூடான தண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, பிறகு பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றிப் போடுங்கள். சுடுதண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். அவசரத்துக்குக் கை கழுவும் சானிட்டைசரும் ஆகும். புழு குடைந்த கட்டையில் ஒரு முழம் வெட்டி, பிளாஸ்டிக் வாளியில் போட்டு, வாயில் கொசுவலை கட்டி நிழலில் வைத்தால் சில மாதத்தில் வண்டாகவே வெளியே வரும். வண்டு கிடைத்தால் பெயர் சொல்வது எளிது. பாட்டிலுக்குள் ஒரு துண்டுத் தாளும் போடுங்கள். மரத்தின் பெயர், ஊர், தேதி, மரத்தில் எந்த இடம், எத்தனை மரத்தில் இருக்கிறது என்று எழுத வேண்டும். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.